முத்துக்குளித்துறைக் கதைகள் – 17: கயிறு பிடித்த சிநேகிதன்

திரேஸ்புரம் கரையில் சாயங்காலம் போய் நின்றால் சங்கு குளித்துவிட்டுத் திரும்பும் வள்ளங்களைப் பார்க்கலாம். இப்போது கம்ப்ரசர் வந்துவிட்டது. மோட்டார் ஓட, ரப்பர் குழாய் வழியாகக் காற்று கீழே போகிறது. உள்ளே இறங்கினவர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு தரையைத் துழாவுகிறார். அப்படியும் மேலே ஒரு ஆள் கண் எடுக்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் மடங்கினால் கதை முடிந்தது.

முத்துக் குளித்த காலத்தில் குழாய் கிடையாது, கயிறுதான். குளியாளி சுமார் 15 கிலோ கல் ஒன்றின் மேல் காலை ஊன்றி, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு, எட்டுப் பத்துப் பாக ஆழத்துக்குச் சட்டென்று இறங்குவான். அவன் தரையைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைக்கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் அந்தச் சுண்டலை உணர்ந்து, அந்த நொடியே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆள் இல்லை. அதனால்தான் கயிறு பிடிக்கிறவன் குளிப்பவனின் மச்சானாக, பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள். தன் தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணன்காரனும் பொறுக்க மாட்டான் என்ற கணக்கு. எல்லாப் படகிலும் அப்படியே நடந்திருக்குமா என்று கேட்காதீர்கள். இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

இந்த வாரக் கதையில் கயிறு பிடிக்க வேண்டிய மச்சான் நடுவிலேயே செத்துப்போனான். அதன் பிறகு கயிற்றைப் பிடித்தவன் ஒரு சிநேகிதன். குளித்தவன் நம் ஆள் அல்ல. நம் ஆட்கள் அள்ளிவந்த சிப்பியைக் கரையில் நின்று எண்ணிக் கணக்கெழுதிய 25 வயது வெள்ளைக்காரன். பெயர் லெனார்ட் வுல்ஃப். ஆங்கில இலக்கியத்தில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் இந்நேரம் பெண் யார் என்று ஊகித்திருப்பார்கள்.

மன்னார் வளைகுடாவை நாம் வரைபடத்தில் இரண்டு நாடாகப் பார்க்கிறோம். முத்துக்காரர்களுக்கு அது ஒரே குளம். இந்தப் பக்கம் தொலையிரம் பார், நகரைப் பார் என்ற சிப்பிப் படுகைகள். அந்தப் பக்கம் அரிப்பு, மரிச்சுக்கட்டிக்கு எதிரே உள்ள பார்கள். இங்கே சிப்பி விளையாத வருஷங்களில் அங்கே விளையும், அங்கே பொய்த்தால் இங்கே பார்க்கலாம். இலங்கையில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, என்று முரசறைந்துவிட்டால் தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் தோணிகள் கிளம்பிவிடும். பரவர், முஸ்லிம்கள், பின்னால் வட்டிக்குக் கொடுக்கும் செட்டிமார், முத்துத் தரகர், சோறு விற்பவர், சூதாடி, திருடன் எல்லோரும் போவார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியக் குளியாளிகளும் வந்து சேர்வார்கள். அவர்கள் மூக்கைக் கையால் பொத்துவதில்லை. கொம்பில் செய்த கவ்வி ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். ஒரு கை மிச்சம்.

1903 முதல் 1907 வரை இலங்கைப் பக்கம் வரிசையாக ஐந்து சலாபங்கள் நடந்தன. அவற்றில் 1905 போல முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 8 கோடிக்கும் மேல் சிப்பி ஏறியது. சர்க்காருக்கு 25 லட்சம் ரூபாய் வந்தது. ஐயாயிரம் பேருக்குக் கிட்ட குளித்தார்கள். லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும் அவர் விட்டுப்போன ஜேம்ஸ் ஹார்னெலும் பார்களை ஆராய்ந்து, இனிமேல் முத்து கணக்கு வைத்து விளையும் என்று நம்பிக்கை கொடுத்த காலம் அது. (ஹார்னெல் பின்னால் நம் பக்கத்துக்கு வந்து சென்னை மாகாண மீன்துறையில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) கடல் அந்த ஏட்டைப் படிக்கவில்லை. 1907க்குப் பிறகு 1925 வரை அங்கே சலாபமே இல்லை.

அந்த நம்பிக்கை உச்சத்தில் இருந்த 1906 பிப்ரவரியில்தான் யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து லெனார்டை மரிச்சுக்கட்டிக்கு அனுப்பினார்கள். மரிச்சுக்கட்டி ஒரு ஊர் என்று சொல்ல முடியாது. பின்னால் காடு, முன்னால் மணல், அப்புறம் கடல். சலாபம் நடக்கும் சில வாரத்துக்கு மட்டும் கிடுகும் கம்பும் கொண்டு ஒரு பட்டணம் எழும்பும். தெரு இருக்கும், கடை இருக்கும், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, சிறை, தபாலாபீஸ் எல்லாம் இருக்கும். இருபது முப்பதாயிரம் ஜனம். அதிகாரம் செய்ய விரல்விட்டு எண்ணும்படி சில வெள்ளைக்காரர்கள்.

அவருடைய வேலை கொட்டு மேற்பார்வை. கொட்டு என்பது சிப்பியைக் கொட்டி எண்ணுகிற பெரிய அடைப்பு. நடுராத்திரிக்குப் பிறகு கரைக்காற்றில் பாருக்குப் போன தோணிகள் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்பும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூட்டையும் முடிச்சுமாகக் கொட்டுக்குள் முண்டியடிப்பார்கள். ஒவ்வொரு தோணிக்காரரும் தம் சிப்பியை மூன்று குவியலாக்க வேண்டும். அதிகாரி தம் விருப்பப்படி இரண்டு குவியலைச் சர்க்காருக்கு என்று காட்டுவார். மூன்றாவது குளித்தவர்களுக்கு. எது எடுபடும் என்று முன்கூட்டித் தெரியாததால் குவியல்கள் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். சர்க்கார் பங்கு சாயங்காலம் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கினவர் அதைத் தொட்டியிலோ பழைய தோணியிலோ போட்டு ஒரு வாரம் அழுக விடுவார். ஈ முட்டையிட்டு, புழு தின்று தீர்த்த பிறகு கடல்தண்ணீரை ஊற்றி அலசினால் அடியில் முத்து தங்கும். முத்து மாலை போட்டுக்கொள்ளும் எந்தச் சீமாட்டிக்கும் யாரும் இந்த வாசனையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோடிக்கணக்கான சிப்பி இப்படி ஒரே இடத்தில் அழுகினால் காற்று எப்படி இருக்கும்! ஈ மொய்க்காமல் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

இந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து லெனார்ட் கடிதம் எழுதினார்.

அவர் இந்த வேலைக்கென்று வளர்ந்தவர் அல்ல. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் உதவித்தொகை பெற்று கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். ‘அப்போஸ்தலர்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட ரகசிய விவாதக் குழுவில் யூத வீட்டுப் பையன் ஒருவன் இடம்பிடித்தது சாமானியமில்லை. சிவில் சர்வீஸ் பரீட்சையில் மார்க் போதாமல் போகவே இலங்கைப் பதவி கிடைத்தது. 1904 நவம்பரில் கப்பலேறினார். கூட ஒரு வேட்டைநாய், பெட்டி நிறைய வால்ட்டேரின் நூல்கள். யாழ்ப்பாணத்தில் தமிழ் படித்தார், பரீட்சையும் தேறினார். அந்த 1905இலேயே டைபாய்டு வந்து பிழைத்தார்.

கேம்பிரிட்ஜில் விட்டுவந்த சிநேகிதர்களில் நெருக்கமானவர் லிட்டன் ஸ்ட்ரேச்சி. பின்னாளில் விக்டோரியா காலத்துப் பெரிய மனிதர்களைக் கேலியும் கூர்மையுமாக எழுதிப் புகழ்பெற்ற அதே லிட்டன். ஒல்லி உடம்பு, கீச்சுக் குரல், நாக்கில் விஷமும் தேனும். இவர்கள் இருவருக்கும் ஆறரை ஆண்டு கடிதப் போக்குவரத்து நடந்தது. கொழும்பிலிருந்து லண்டனுக்குத் தபால் போய்ச் சேரப் பதினெட்டு இருபது நாள், பதில் வர இன்னொரு இருபது நாள். இன்றைக்குக் கேட்ட கேள்விக்கு ஒன்றரை மாதம் கழித்து விடை வரும். அதற்குள் கேட்டவனுக்குக் கேள்வியே மாறியிருக்கும். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

1906 மார்ச்சில் முத்து முகாமிலிருந்து போன கடிதத்தில் லெனார்ட் வேலைப்பளுவைச் சொல்லிப் புலம்புகிறார். கூடவே, அராபியர்கள் கைத்தடியால் ஓங்கி அடித்தால் எதையும் செய்வார்கள், மூன்று நாளாக ராப்பகலாய் அதுதான் என் உத்தியோகம் என்ற பொருளில் ஒரு வரி. சிநேகிதனைச் சிரிக்கவைக்க எழுதியது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தடி விழுந்த முதுகு அராபியருடையது, நம்முடையது அல்ல என்று ஆறுதல்பட முடியுமா? பின்னாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் புத்தகங்கள் எழுதியவர் அவர். 25 வயதில் அவர் கையில் இருந்தது தடி. யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ் வழக்கறிஞரின் முகத்தில் குதிரைச் சாட்டையால் அடித்தார் என்ற புகாரும் அவர்மேல் எழுந்தது. தெருவில் எதையோ சுட்டிக்காட்டச் சாட்டையை நீட்டினேன், அவ்வளவுதான் என்று மறுத்தார். இரண்டையும் சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

ஆனால் அதே முகாமில் ஒரு ராத்திரி, கடலில் இறந்துபோன அராபியக் குளியாளி ஒருவனின் உடலைக் கூட்டாளிகள் தண்ணீருக்குள் நடந்து தூக்கிவந்து கரையில் கிடத்தியதை அவர் பார்த்தார். அழுகை, மூத்தவர் சொன்ன ஆறுதல், பிறகு அந்த அமைதி. இதை அவரால் மறக்க முடியவில்லை. 1921இல் ‘முத்துகளும் பன்றிகளும்’ என்று பொருள்படும் தலைப்பில் வந்த கதையில் அதை எழுதினார். 1961இல் இலங்கை நினைவுகளை எழுதும்போது மறுபடி எழுதினார். (அந்த 1961தான் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்த வருஷமும். யாரும் திட்டமிட்டதல்ல.) அராபியர் பக்கம் அவர் மனசு சாய்ந்தது அந்த எழுத்தில் தெரிகிறது. அவர்களோடு தோளோடு தோள் குளித்த நம் கரைக்காரர்களுக்கு அந்த நெகிழ்ச்சியில் பங்கு குறைவு. மூன்றாவது குவியல்கூடக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பெண்.

லெனார்டும் லிட்டனும் பழகிய கூட்டத்தில் இன்னொருவர் தோபி ஸ்டீபன். தோபி என்றதும் நமக்கு வேறு ஆள் ஞாபகம் வரும், மன்னியுங்கள். ஆறடிக்கு மேல் உயரம், ஆஜானுபாகு, எல்லோருக்கும் பிரியமானவர். அவருக்கு இரண்டு சகோதரிகள். வனெஸா அக்காள், வர்ஜீனியா தங்கை. ஒரு நாள் சகோதரனைப் பார்க்க டிரினிட்டி கல்லூரிக்கு வந்தார்கள். வெள்ளை உடை, அகலத் தொப்பி, கையில் வெயில் குடை. லெனார்ட் அறைக்குள் நுழைந்தார், பார்த்தார், பேச்சு நின்றுவிட்டது. அறுபது வருஷம் கழித்துக்கூட அந்தக் காட்சியை வரி தப்பாமல் எழுதினார். அப்புறம் கப்பலேறுவதற்கு இரண்டு நாள் முன்பு, 1904 நவம்பர் 17 அன்று, லண்டன் கார்டன் சதுக்கத்தில் ஸ்டீபன் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. தந்தை இறந்து, மனநோயில் விழுந்து, அப்போதுதான் எழுந்திருந்தார் வர்ஜீனியா. அதிகம் பேசவில்லை.

இவ்வளவுதான் நேரில் பழக்கம். ஆனால் கயிற்றின் மறுமுனையிலும் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. தோபி தன் தங்கையிடம் இந்த விசித்திரச் சிநேகிதனைப் பற்றிச் சொல்லியிருந்தார். வுல்ஃப் என்று ஒருவன், கை எப்போதும் நடுங்கும், ஒரு ராத்திரி யாரையோ கழுத்தை நெரிப்பதாகக் கனவு கண்டு விழித்தபோது தன் கட்டைவிரலையே பிசகவைத்திருந்தான் என்று. லெனார்டின் கைநடுக்கம் உண்மை, கடைசிவரை இருந்தது. அந்தக் கதையைக் கேட்ட பெண்ணுக்கு வெப்ப நாட்டுக் காட்டுக்குள் மறைந்துபோன ஒரு மனிதன் மனதில் தங்கிவிட்டான். இவருக்கு வெள்ளை உடையில் ஒரு பெண், அவருக்குக் கட்டைவிரலைப் பிசகவைத்துக்கொண்ட ஒரு பித்தன். இரண்டு பக்கமும் பிறர் வாய்வழிச் செய்திதான்.

1906 நவம்பர் 20 அன்று தோபி செத்துப்போனார். கிரேக்க நாட்டுக்குப் போய்வந்து டைபாய்டு. வயது 26. அதே நோயில் யாழ்ப்பாணத்தில் படுத்து எழுந்தவர் லெனார்ட். லண்டன் வைத்தியம் பார்த்துக்கொண்டவர் எழவில்லை. சேதி லிட்டனின் கடிதமாகக் கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது லண்டனில் அடக்கம் முடிந்து, அக்காள் வனெஸா கிளைவ் பெல்லைக் கட்டிக்கொள்ளச் சம்மதமும் சொல்லியாகிவிட்டது. இங்கே யாழ்ப்பாணக் கோட்டையில் ஒருவர் அப்போதுதான் அழத் தொடங்குகிறார்.

(அந்த 1906 அக்டோபரில்தான் நம் ஊரில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. தூத்துக்குடி–கொழும்பு கடல்வழி யாருக்கு என்ற சண்டை ஆரம்பம். 1914இல் பாம்பன் வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிற தபாலும் ஆளும் நம் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேற வேண்டும். லண்டன் தபால் நேரே கொழும்புக்குப் போய்விடும், நம் கரையைத் தொடாது. தொட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இன்னும் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம்.)

மச்சான் போனான். இனிக் கயிறு லிட்டன் கையில்.

நம் அகத்திணை படித்தவர்களுக்கு லிட்டனை அடையாளம் காண்பது சுலபம். பாங்கன்! தலைவன் ஒரு பெண்ணை எதிர்பாராமல் பார்த்துவிட்டு வந்து சோறு தண்ணி இல்லாமல் கிடப்பான். பாங்கன் வந்து, உன் படிப்பென்ன, அறிவென்ன, இப்படியா என்று இடித்துரைப்பான். கழறல் என்று அதற்குப் பெயரே உண்டு. பிறகு தானே போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, இவளுக்காக நீ இந்த அளவோடு நிற்கிறாயே என்று வியந்து திரும்புவான். லிட்டன் செய்ததும் இதுதான். கடற்கரையில் நின்று இரங்க வேண்டியவள் நெய்தலில் தலைவி. இங்கே இரங்கியது தலைவன் என்பது ஒரு வித்தியாசம். இன்னொரு வித்தியாசத்தை எந்த இலக்கணக்காரரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

1907 ஆகஸ்டில் லெனார்டைக் கண்டிக்கு மாற்றினார்கள். 1908 ஆகஸ்டில் தென்கோடி அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபர். அம்பாந்தோட்டை உப்பு விளையும் சீமை. கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி உப்புப் பூக்கும், அதை வாரிச் சேர்ப்பது சர்க்கார் வேலை. உப்புக் காலத்தில் வெயிலும் வெள்ளையும் கண்ணை என்ன செய்யும் என்று தூத்துக்குடிக்காரனுக்குச் சொல்ல வேண்டாம். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. ராத்திரி விளக்கு, நாய், வால்ட்டேர். அங்கிருந்து 1909 பிப்ரவரி 1 அன்று லிட்டனுக்கு எழுதிய கடிதத்தில், எல்லாக் கதையும் பேசிவிட்டு, வர்ஜீனியா என்னை ஏற்றுக்கொள்வாளா, சரி என்றால் தந்தி அடி, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று கேட்டுவிட்டார். விளையாட்டுப் போல. பாதி விளையாட்டு. நான்கு வருஷமாக அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதியதெல்லாம் லிட்டனுக்கு.

கடிதம் கடலில் வந்துகொண்டிருக்கிறது. 1909 பிப்ரவரி 17 அன்று லண்டனில் லிட்டன் வர்ஜீனியாவின் வீட்டுக்குப் போய், என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று கேட்டார்!

பெண்களிடம் நாட்டமில்லாதவர் லிட்டன். ஆண்களைத்தான் நேசித்தார், இது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், வர்ஜீனியாவுக்கும் தெரியும். வீட்டுத் தொல்லை, தனிமை, ஏதோ ஒரு வேகம். கேட்டுவிட்டார். அவர் சரி என்றும் சொல்லிவிட்டார். சொன்ன வினாடியே லிட்டனுக்கு உதறல். எங்கே முத்தம் கொடுத்துவிடுவாளோ என்று பயந்தார். வர்ஜீனியாவுக்கும் யோசித்ததில் காதல் ஒன்றும் இல்லை என்று புரிந்தது. இரண்டு பேருமாகச் சத்தமில்லாமல் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அம்பாந்தோட்டைக் கடிதம் கைக்கு வருகிறது. தான் மூழ்கி எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கயிற்றின் அடியிலிருந்து ஒருவன் சுண்டுகிறான்.

லிட்டன் 19ஆம் தேதியே உட்கார்ந்து நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். நான் கேட்டேன், அது தப்பு, கட்டிக்கொள்ள வேண்டியவன் நீ என்று. எனக்கு இந்தக் கதையில் லிட்டனைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். தான் தோற்ற இடத்தைச் சிநேகிதனுக்கு வழியாகக் காட்டுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

பதிலுக்குத் தந்தி வரவில்லை, கப்பலும் ஏறவில்லை. உப்பு வாரும் காலம் வந்தது, மாட்டு நோய் வந்தது, கோர்ட்டு வந்தது. ஆகஸ்டில் லிட்டன் மறுபடி நெருக்கினார். வர்ஜீனியாவைக் கட்டிக்கொள், உலகத்திலேயே உனக்கு ஈடான மூளை உள்ள பெண் அவள் ஒருத்திதான், அழகி, அவளும் கல்யாணத்தை ஒரு யோசனையாக வைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற பாவனையில். செப்டம்பரில் லெனார்டின் பதில் போனது. செய்ய வேண்டிய ஒரே காரியம் அதுதான் என்று எனக்கும் தெரியும், திரும்பி வந்த பிறகு செய்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது என்று. லிட்டனிடம் காட்டிய கேலி இந்தக் கடிதத்தில் வடிந்துபோயிருக்கிறது.

இந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். லெனார்ட் ஐந்தாறு மாலைகூடப் பேசியிராத ஒரு பெண்ணை நேசித்தார் என்பது முழு உண்மையல்ல. அவளைப் பற்றி இன்னொருவனுக்கு எழுதி எழுதித்தான் நேசிக்கக் கற்றார். நேரே அவளுக்கு எழுதியிருந்தால் மூன்றாம் கடிதத்தில் மரியாதைக்கோ பயத்துக்கோ ஆட்பட்டுப் பேனாவை மூடியிருப்பார். ஒரு சொல் போய் மறுசொல் வர நாற்பது நாள் ஆகிற தபாலில், அசட்டுத்தனமாகக் கேட்டது சீரியசாக மாற நேரம் இருந்தது. சீரியசாக மாறியது ஆறிப்போகவும் நேரம் இருந்தது. ஆறவில்லை. மரிச்சுக்கட்டிக்குப் போன நம் ஆட்களிடமோ அன்று எழுத்தறிந்தவர் மிகக் குறைவு. அவர்கள் வீட்டுக்குச் சேதி திரும்பிவரும் தோணியில் வாய்மொழியாகத்தான் வந்தது.

1911 மே 24 அன்று ஒரு வருஷ லீவில் லெனார்ட் கொழும்பில் கப்பலேறினார். அவர் இங்கிலாந்தில் இறங்கிய ஜூனில், 17ஆம் தேதி, மணியாச்சி சந்திப்பில் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏகாதிபத்தியத்தின் ஒரு கலெக்டர் ரயில் பெட்டியில் செத்துக்கிடக்க, இன்னொரு அதிகாரி அந்த உத்தியோகமே வேண்டாமோ என்ற யோசனையில் லண்டன் தெருக்களில் நடக்கிறார். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஆசை. சரித்திரம் அப்படி முடிச்சுப் போடவில்லை.

ஜூலை 3 அன்று வனெஸா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த பிறகு வர்ஜீனியா வந்தார். ஏழு வருஷம் கழித்து மறு பார்வை. ஐந்தாம் நாள் வர்ஜீனியாவிடமிருந்து, கிராமத்து வீட்டுக்கு வாரக்கடைசியில் வர முடியுமா என்று கடிதம் வந்தது. லெனார்டுக்கு அவர் நேராக எழுதிய முதல் கடிதம். டிசம்பர் 4 அன்று, வர்ஜீனியாவும் அவர் தம்பியும் சிநேகிதர்களும் சேர்ந்து எடுத்திருந்த பிரன்ஸ்விக் சதுக்கத்து வீட்டிலேயே மேல்மாடி அறையில் வாடகைக்குக் குடியேறினார் லெனார்ட். கல்யாணமாகாத பெண் இருக்கும் வீட்டில் ஆண்கள் குடியிருப்பதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1912 ஜனவரியில் வெளியூர் போயிருந்தவர் மனம் பொறுக்காமல் ரயிலேறி வந்து நேரில் கேட்டுவிட்டார். யோசிக்க வேண்டும் என்றார் வர்ஜீனியா. நடுவில் அவருக்கு உடம்பு சுகமில்லாமல் போய் ஓய்வு இல்லத்தில் இருந்தார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டும் இவர்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இலங்கைப் பழக்கம் விடவில்லை போலும். மே மாதம் லீவு முடிகிறது, நீட்டிக்கக் கேட்டார். காரணத்தைச் சொல் என்றது காலனி இலாகா. சொந்தக் காரியம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மறுத்து ராஜினாமா செய்துவிட்டார். அந்தப் பெண் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சம்பளம், பதவி, கவர்னராகும் வாய்ப்பு எல்லாவற்றையும் ஒரு ‘பார்க்கலாம்’ என்ற சொல்லின் மேல் வைத்தார்.

மே 1 அன்று வர்ஜீனியா எழுதிய கடிதம் இந்தக் கடிதப் போக்குவரத்தில் ஆகக் கடினமானது. உங்கள் ஆசை எனக்குச் சில சமயம் கோபமூட்டுகிறது, நீங்கள் யூதர் என்பதும் இடையில் வருகிறது, அன்று நீங்கள் முத்தமிட்டபோது நான் ஒரு பாறையைப் போலிருந்தேன் என்று எழுதினார். அதே தாளில், உங்கள்மேல் எனக்குள்ள நினைப்பு வேறு யார்மேலும் இல்லை என்றும். இத்தனை உண்மையை ஒரு பெண் எழுதி, அதைப் படித்துவிட்டு ஓடாமல் நின்ற ஆண் அன்றைய லண்டனில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! தடியோடு கொட்டில் நின்ற பையன் இந்தப் பாறையின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மே 29 அன்று வர்ஜீனியா சம்மதித்தார். ஆகஸ்டு 10 அன்று செயின்ட் பாங்கிராஸ் பதிவு அலுவலகத்தில் கல்யாணம், வெளியே இடிமழை.

அதற்கு முன்பு ஜூன் 6 அன்று இருவருமாகச் சேர்ந்து ஒரு தபால் அட்டை வாங்கினார்கள். லிட்டன் விலாசம் எழுதினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தக் கேள்வியைத் தானே கேட்டுவிட்டு வாபஸ் வாங்கினவர், ஆறரை ஆண்டு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தவர். அட்டையில் வேறு ஒன்றும் இல்லை. இரண்டு தடவை சிரிப்புச் சத்தம். அதன் கீழே இரண்டு கையெழுத்து.

(தொடரும்)